மேல்கோட்டுக்கு மேலே

நரிக்குடி, வீரசோழன், திருச்சுழி என்று பரந்து கிடக்கும் இந்த வானம் பார்த்த பூமியில் பலருக்கு இன்ஜின் பழக்கமானது கிணற்று மேட்டில்தான். கரண்டு எட்டாத தோட்டங்களில் மிளகாய்க்கும் பருத்திக்கும் தண்ணீர் இறைத்தவை டீசலில் ஓடிய ஆயில் இன்ஜின்கள். புகை படிந்த கொட்டகை, சுவரோரம் ஒரு தகர டப்பா, அதன் அடியில் கொஞ்சம் ஆயில், அதில் ஒட்டிய கரிசல் புழுதி என்று அந்தக் காலம் நினைவில் நிற்கிறது. அதோடு சேர்ந்து ஒரு பேச்சும் நிற்கிறது. "ஆயில் குறைஞ்சா இன்ஜின் போச்சு, கூடுனா என்ன, அதுபாட்டுக்குக் குடிச்சிட்டுப் போகுது" என்பார்கள். பிறகு அம்பாசிடரும் ஜீப்பும் டிராக்டரும் வந்தபோது அதே கைகள்தான் அவற்றின் பானெட்டைத் திறந்தன. அதே பேச்சுதான் அங்கேயும் ஓடியது. இன்று டர்போ வைத்த டீசல் காரும் ஹைபிரிட் காரும் நிற்கிற வாசல்களிலும் அந்தப் பேச்சு உயிரோடு இருக்கிறது. அது பிறந்த காலத்தில் அதில் பாதி உண்மை இருந்தது. அந்தப் பாதி இப்போது தேய்ந்துவிட்டது என்பது என் எண்ணம். எப்படித் தேய்ந்தது என்று பார்த்தால், ஆயில் கூடினால் இன்ஜின் கெடுமா என்ற கேள்விக்கு 'கெடும்', 'கெடாது' என்று ஒற்றைச் சொல்லில் ஏன் பதில் சொல்ல முடியாது என்பதும் விளங்கும்.

அந்தக் கிணற்று இன்ஜினைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் லிஸ்டர் கம்பெனி வடிவமைத்ததைப் பார்த்து ராஜ்கோட்டிலும் பிற ஊர்களிலும் செய்த மெதுவேக இன்ஜின்கள் நிமிடத்துக்கு 650 சுற்று அளவில் ஓடியவை. இரண்டு பக்கமும் ஆள் தூக்க முடியாத சக்கரம், நடுவே ஒற்றை சிலிண்டர். கனெக்டிங் ராடின் அடியில் இருக்கும் சிறு நீட்சி, தொட்டியில் கிடக்கும் ஆயிலை அள்ளித் தெளிப்பதுதான் அதன் மசகு ஏற்பாட்டில் முக்கியமான பங்கு. ராடு ஆயிலைத் தொட்டாக வேண்டிய இன்ஜின் அது, தொடாவிட்டால்தான் கேடு. ஒரு குவளை கூடிப்போனால் புகை கொஞ்சம் கனக்கும், இணைப்புகளில் ஆயில் கசியும், இரண்டு நாளில் அளவு தானாகச் சரியாகிவிடும். இப்படிப்பட்ட இயந்திரத்தோடு வாழ்ந்தவர்கள் 'கூடினால் ஒன்றுமில்லை' என்று முடிவுக்கு வந்ததில் தப்பே இல்லை. கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார்கள்.

அம்பாசிடரும் அந்த முடிவைக் கலைக்கவில்லை. அந்த 1489 சிசி இன்ஜின் இங்கிலாந்தின் பி.எம்.சி. கம்பெனியின் பி-சீரிஸ் வகை. அதன் க்ராங்கின் பின்முனையில் இன்றைய ரப்பர் ஆயில் சீல் கிடையாது. தண்டில் வெட்டிய திருகுப் பள்ளம் கசியும் ஆயிலைத் திரும்ப உள்ளே தள்ளும் ஏற்பாடுதான் இருந்தது. வண்டி ஓடும்போது அது ஓரளவு வேலை செய்யும், நிறுத்தினால் சொட்டும். அம்பாசிடர் நின்ற இடத்தில் தரையில் கருப்பு வட்டம் இருக்கும்; அதை யாரும் ரிப்பேர் என்று நினைத்ததில்லை. சொட்டுகிற வண்டிக்குக் கூடுதலாக ஊற்றி வைப்பது ஒரு வகையில் கணக்குத்தான். வாடகைக் கார் ஓட்டுநர் அடுத்த முறை ஆயில் வாங்குவதற்குள் எவ்வளவு சொட்டும் என்பதை உத்தேசித்து ஊற்றினார். டாப்பெட் இடைவெளியைக் கூட ஸ்குரூவைத் திருகிக் கையால்தான் சரிசெய்ய வேண்டும். ஆயில் அழுத்தத்தை வைத்து அதைத் தானே சரிசெய்துகொள்ளும் நுட்பமான பாகம் எதுவும் உள்ளே இல்லை. அந்தக் கார் 2014இல் நின்றுபோனது. அதன் பழக்கங்கள் நிற்கவில்லை.

ஆயில் கூடினால் உள்ளே என்ன நடக்கிறது? இன்ஜினின் அடியில் ஆயில் சேம்பர். அதற்குச் சற்று மேலே க்ராங்க். க்ராங்கின் எடைக்கட்டைகள் சுற்றி வரும்போது ஆயிலின் மேல்மட்டத்தைத் தொடாத அளவுக்கு இடைவெளி விட்டுத்தான் ஆயில் ஸ்டிக்கில் மேல்கோடு போட்டிருப்பார்கள். ஒரு சாதாரண கார் 3000 சுற்றில் ஓடும்போது க்ராங்க் நொடிக்கு 50 முறை சுழல்கிறது. நடு அச்சிலிருந்து எடைக்கட்டையின் நுனி ஏழரை சென்டிமீட்டர் தள்ளியிருப்பதாக வைத்துக்கொண்டால், அந்த நுனியின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 85 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஓர் இரும்புக் கட்டை ஆயிலில் அடித்தால் ஆயில் நுரைக்கும், சூடேறும், இன்ஜினின் பலத்தில் ஒரு பங்கையும் விழுங்கும். இவற்றில் மோசமானது நுரைதான். கிணற்றில் தண்ணீர் இறங்கி, ஃபுட் வால்வு காற்றை இழுக்க ஆரம்பித்தால் பம்பு சுற்றிக்கொண்டே இருக்கும், வாய்க்காலில் தண்ணீர் வராது. இந்த ஊரில் இது தெரியாதவர் இல்லை. நுரைத்த ஆயிலை இழுக்கும் ஆயில் பம்பின் கதியும் அதை ஒத்ததே. வினோதம் என்னவென்றால், அங்கே தண்ணீர் குறைந்ததால் வந்த வினை, இங்கே ஆயில் கூடியதால் வருகிறது. க்ராங்கும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடாமல் காப்பது ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கே கனமுள்ள ஆயில் படலம். காற்றுக் குமிழ் கலந்த படலம் பாரம் தாங்காது. ஆக, ஆயில் அதிகமான இன்ஜின் சாவது ஆயில் இல்லாத இன்ஜின் சாகும் அதே வழியில்தான்.

இங்கே அளவைப் பற்றி நியாயமாகப் பேச வேண்டும். ஆயில் மாற்றிவிட்டு வந்த மறுநாள் ஆயில் ஸ்டிக்கைப் பார்த்து, கோட்டுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேலே ஈரம் தெரிகிறதே என்று பதறுகிறவர்கள் இருக்கிறார்கள். பதற வேண்டியதில்லை. பல கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவே அடங்குவது ஏறத்தாழ ஒரு லிட்டர். சின்னக் கார்களில் அதற்கும் குறைவு. கோட்டுக்கு மேலே கொஞ்சம் என்பது பெரும்பாலும் 100, 200 மில்லிதான். கோடு போட்டவர்கள் சரிவில் வண்டி நிற்பதையும், வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்குவதையும், ஊற்றுகிறவரின் கைக்கணக்கையும் எண்ணிப் பார்த்துத்தான் போட்டிருப்பார்கள். அந்த அளவு கூடுதலில் எடைக்கட்டை ஆயிலைத் தொடுவது அரிது. அரை லிட்டர் கூடினால் அப்படிச் சொல்ல முடியாது, எடுத்துவிடுவதே நல்லது. ஒரு லிட்டரோ அதற்கு மேலோ கூடினால் வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது. இன்ஜினுக்கு இன்ஜின் இந்த எல்லை மாறும். கூடுதலைப் பொறுத்துக்கொள்ளும் இன்ஜினும் உண்டு, சகிக்காத இன்ஜினும் உண்டு. வெளியிலிருந்து பார்த்து அதைச் சொல்ல எந்த மெக்கானிக்காலும் முடியாது. அதனால்தான் கோடு.

"பத்து வருசமா அப்படித்தான் ஊத்துறோம், என்ன கெட்டுப் போச்சு?" என்ற கேள்வி வரும். இதைத் தள்ளிவிடக் கூடாது. நிஜமான அனுபவத்திலிருந்து வருகிற கேள்வி இது. பதில் சாலையில் இருக்கிறது. நரிக்குடியிலிருந்து திருச்சுழிக்குப் போகும் ரோட்டில், ஆடும் மாடும் குறுக்கே வர, நாற்பது ஐம்பதில் போகிற காரின் க்ராங்க் 1500 சுற்றைச் சுற்றியே இருக்கும். அந்த வேகத்தில் கூடுதல் ஆயில் கலங்கும், பெரிதாக நுரைக்காது. அதே கார் அருப்புக்கோட்டையைத் தாண்டி மதுரை–தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் ஏறி, ஏசி போட்டு, நூறைத் தொட்டு, ஒரு மணி நேரம் இறங்காமல் ஓடினால் நிலைமை வேறு. அடி விழும் எண்ணிக்கை கூடுகிறது. விழுந்த அடியில் எழுந்த நுரை அடங்க நேரம் கிடைப்பதில்லை. சித்திரை வெயிலில் ஆயிலின் சூடும் ஏறுகிறது. பத்து வருடம் ஒன்றும் ஆகவில்லை என்பதற்கு, பத்து வருடம் மெதுவாக ஓடியது என்று பொருள் கொள்ளலாம். மேலும் கெட்டுப்போன இன்ஜின்கள் வந்து சாட்சி சொல்வதில்லை. இன்ஜின் பிரிக்கப்பட்ட வண்டியில் பேரிங் தேய்ந்ததற்குப் பழைய ஆயில், மட்ட ஆயில், அதிக ஓட்டம் என்று எதையாவது காரணம் சொல்லி முடித்துவிடுவோம். கூடுதலாக ஊற்றியது அந்தப் பட்டியலில் வருவதே இல்லை.

இரண்டாவது வாதம் இன்னும் சாமர்த்தியமானது. கூடுதலாக இருந்தால் இன்ஜின் தானே வெளியே தள்ளிவிடும் என்பது. தள்ளும்தான். எங்கே தள்ளும் என்பதில்தான் ஆபத்து. பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயு வெளியேற பிரீதர் என்ற குழாய் இருக்கிறது. பழைய இன்ஜின்களில் அது ரோட்டைப் பார்த்துத் திறந்திருந்தது. கூடுதல் ஆயில் ஆவியாகவும் துளியாகவும் மண்ணில் விழுந்தது, கதை முடிந்தது. சுற்றுச்சூழல் விதிகள் வந்தபின் அந்தக் குழாயைத் திருப்பி, இன்ஜின் காற்றிழுக்கும் பாதையிலேயே சேர்த்துவிட்டார்கள். இப்போது தள்ளப்படும் ஆயில் மறுபடி சிலிண்டருக்குள் போய் எரிகிறது. பெட்ரோல் காரில் நீலப்புகை வரும், பிளக்கில் கரி பிடிக்கும். சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரலில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கட்டாயமாகி, பிறகு எங்கும் பரவிய கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் இருக்கிறதே, அதற்கு இந்தப் புகை நஞ்சு. தேய்மானத்தைத் தடுக்க ஆயிலில் கலக்கிற துத்தநாகமும் பாஸ்பரஸும் எரிந்து அதன் உள்பரப்பில் படிந்தால் பிறகு போகாது. கன்வர்ட்டரின் விலைக்கு எத்தனை டப்பா ஆயில் வாங்கலாம் என்று ஷோரூமில் கேட்டுப் பார்த்தால் இந்த வாதம் அங்கேயே முடிந்துவிடும்.

டீசலில் இது பணச்சேதத்தோடு நிற்காது. பெட்ரோல் இன்ஜின் எரிய பிளக்கின் பொறி வேண்டும். சாவியைத் திருப்பினால் பொறி நிற்கும், இன்ஜினும் நிற்கும். டீசல் இன்ஜினுக்குப் பொறி வேண்டாம். அழுத்தத்தின் சூட்டில் டீசலும் எரியும், ஆயிலும் எரியும். காற்றோடு சேர்ந்து போதுமான ஆயில் உள்ளே போய்விட்டால் அதுவே எரிபொருளாகி, சாவியை எடுத்த பிறகும் இன்ஜின் கட்டுக்கடங்காமல் ஓடும். ஆயில் தீரும்வரை அல்லது உடையும்வரை. இது எப்போதாவது நடப்பதுதான். ஆனால் இந்த வட்டாரத்துக்கு இதில் தனியாக ஒரு சம்பந்தம் உண்டு. கரிமூட்டத்துக்கும் செங்கல் சூளைக்கும் போய்வரும் வண்டிகள், புழுதி கிளம்பும் உழவு என்று இங்கே காற்றில் மண் அதிகம். பழைய டிராக்டர்களிலும் ஜீப்புகளிலும் காற்றை வடிகட்ட அடியில் ஆயில் நிரப்பிய ஃபில்ட்டர்கள் இருந்தன. சில டிராக்டர்களில் இன்றும் உண்டு. அந்தக் கிண்ணத்திலும் ஒரு கோடு இருக்கும். 'தூசி அதிகம், கொஞ்சம் கூட ஊத்து' என்று அதைத் தாண்டி நிரப்பினால், காற்றோடு ஆயிலும் நேரே சிலிண்டருக்குப் போகும். அப்படி ரேஸ் ஆகும் இன்ஜினை நிறுத்த, காற்று போகும் வாயைத் தகடு வைத்தோ ஈரச்சாக்கு வைத்தோ அடைப்பதுதான் வழி. கியர் வண்டி என்றால் மேல் கியரில் போட்டு பிரேக்கை அழுத்தி க்ளட்சை விட்டு அமர்த்தலாம். கையை அந்த வாயருகே கொண்டுபோகவே கூடாது. இந்த இரண்டு வழியும் முடியாதபோது, விலகி நிற்பதுதான் புத்தி.

இவ்வளவுக்கும் ஆயிலை வேண்டுமென்றே அதிகம் ஊற்றுகிறவர் சிலர்தான். மற்றவர்கள் அளவைத் தப்பாகப் படித்தே கூட்டிவிடுகிறார்கள். இதற்கு நம் தமிழ்நாட்டு வண்டியே நல்ல சாட்சி. திருவொற்றியூரில் 1956 முதல் தயாரான புல்லட்டின் பழைய வார்ப்பிரும்பு இன்ஜினில் ஆயில் ஒரு தனி அறையில் இருக்கும். அங்கிருந்து பம்பு எடுத்துச் சுற்றவிட்டுத் திரும்பக் கொண்டுவரும். வண்டியைப் பல நாள் ஓட்டாமல் நிறுத்தினால் ஆயில் மெல்லக் கசிந்து க்ராங்க் இருக்கும் பக்கம் இறங்கிவிடும். ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் ஆயில் இல்லாததுபோல் காட்டும். கவலைப்பட்டு அரை லிட்டர் ஊற்றுவார்கள். உதைத்து ஓட்டியதும் இறங்கியிருந்த ஆயில் எல்லாம் திரும்பி வந்து சேர, இடமில்லாமல் பிரீதர் வழியே பீய்ச்சும். செயினும் பின்சக்கரமும் நனையும். புல்லட் ஆயில் அடிக்கிறது என்று கெட்ட பேர் வாங்கியதில் ஒரு பங்கு இப்படி ஊற்றியவர்கள் தந்தது. ஓட்டி நிறுத்திய சற்று நேரத்தில் பார்க்க வேண்டிய வண்டியை ஆறவிட்டுப் பார்த்ததுதான் கோளாறு.

காரில் இது வேறு வடிவத்தில் வருகிறது. ஓட்டி நிறுத்திய மறுநொடி பார்த்தால், மேலே ஏறிய ஆயில் இன்னும் இறங்கியிருக்காது, குறைவாகக் காட்டும். ஐந்து பத்து நிமிடம் விட வேண்டும். சூடான ஆயில் விரிந்திருக்கும் என்பதும் உண்டு. 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போனால் நான்கு லிட்டர் ஆயில் ஏறத்தாழ 200 மில்லி பெருகும். எனவே சூட்டில் பார்க்கச் சொன்ன காரைச் சூட்டிலும், குளிர்ந்தபின் பார்க்கச் சொன்ன காரைக் குளிர்ந்தபின்னும்தான் பார்க்க வேண்டும். காரோடு வந்த புத்தகத்தில் அது எழுதியிருக்கும். வரப்பிலும் கண்மாய்க்கரைச் சரிவிலும் நிறுத்திப் பார்த்த அளவு எதற்கும் ஆகாது. இதோடு டப்பாவின் கணக்கும் சேர்கிறது. ஆயில் 3 லிட்டர், 3.5 லிட்டர் என்று டப்பாவில் வருகிறது; இன்ஜின் கேட்பது 2.8 ஆக இருக்கலாம், 3.1 ஆகவும் இருக்கலாம். காசு கொடுத்து வாங்கிய ஆயிலை மிச்சம் வைப்பானேன் என்று முழுதும் கவிழ்த்துவிடுவது ஒர்க் ஷாப்புகளில் சகஜம். பழைய ஆயில் முழுக்க வடியாது, கொஞ்சம் உள்ளே தங்கும் என்பதையும் மறந்துவிடுகிறார்கள். இன்னும் கொடுமை, அடியில் படுத்து இன்ஜின் நட்டுக்குப் பதில் கியர்பாக்ஸ் நட்டைக் கழற்றி ஆயிலை வடித்துவிட்டு, இன்ஜினில் புது ஆயிலை ஊற்றுவது. ஒரே நேரத்தில் கியர்பாக்ஸ் காலி, இன்ஜினில் இரட்டிப்பு. உலகம் முழுக்க அவசர சர்வீஸ் நிலையங்களில் நடக்கும் தப்பு இது.

"குறைவாக இருப்பதைவிடக் கூடுதலாக இருப்பது மேல் இல்லையா?" என்று கடைசியாகக் கேட்பார்கள். இரண்டில் ஒன்றைத்தான் எடுத்தாக வேண்டும் என்றால், ஒரு லிட்டர் குறைவைவிட கால் லிட்டர் கூடுதல் மேல்தான்; இதை மறுக்க மாட்டேன். ஆனால் அப்படி ஒரு கட்டாயம் யாருக்கும் இல்லை. நடுவே ஒரு லிட்டர் அகலத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள். அதற்குள் எங்கே நின்றாலும் சரி. கம்பெனிக்காரன் வாரண்டிக்குப் பயந்து மிகைப்படுத்துகிறான் என்ற சந்தேகத்துக்குப் பந்தயக் கார்களைப் பார்க்கச் சொல்வேன். அங்கே வாரண்டியும் இல்லை, பயமும் இல்லை. அவர்கள் க்ராங்குக்கும் ஆயிலுக்கும் நடுவே தகடு பொருத்துகிறார்கள். உயர்ந்த பந்தயங்களில் ஆயிலையே இன்ஜினுக்கு அடியில் தங்கவிடாமல் உறிஞ்சி வெளியே தனித் தொட்டியில் வைக்கிறார்கள். க்ராங்க் ஆயிலைத் தொட்டால் நஷ்டம் இல்லையென்றால் இவ்வளவு செலவு எதற்கு?

ஊற்றாமலேயே அளவு ஏறுவதுதான் இப்போது நான் அதிகம் கவலைப்படும் விஷயம். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபின் டீசல் கார்களின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்ட்டர் இருக்கிறது. சேர்ந்த கரியை எரிக்க இன்ஜின் அவ்வப்போது கூடுதல் டீசலைத் தெளிக்கும். ஊருக்குள்ளேயே சின்னச் சின்ன ஓட்டமாக ஓடும் வண்டியில் அந்த எரிப்பு பாதியில் நின்றுபோகும்; எரியாத டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஆயிலில் கலக்கும். ஸ்டிக்கில் அளவு ஏறியிருக்கும், ஆயில் நீர்த்திருக்கும். மாஸ்டா கம்பெனி தன் டீசல் கார்களின் ஸ்டிக்கில் மேல்கோட்டுக்கும் மேலே பெருக்கல் குறி ஒன்று போட்டு, அதைத் தொட்டால் உடனே ஆயிலை மாற்றச் சொல்வது இதற்காகத்தான். பெட்ரோலிலும் இது உண்டு. 2018இல் சீனாவின் குளிர்ப் பகுதிகளில் ஹோண்டாவின் 1.5 லிட்டர் டர்போ இன்ஜின்களில் பெட்ரோல் இறங்கி ஆயில் மட்டம் உயர்ந்து, பெரிய புகாராகி, வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்ய வேண்டிவந்தது. ஏறிய ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் கலந்திருக்கிறது. அது வேறு வியாதி. பழைய பேச்சில் வளர்ந்தவர் ஸ்டிக்கில் கூடுதலைப் பார்த்தால் நிம்மதி அடைவார். ஆயில் குறையவே இல்லை, நல்ல வண்டி என்பார். இன்றைய டீசலில் அது எச்சரிக்கை. பெரும்பாலான கார்களில் ஆயில் அழுத்தம் குறைந்தால் எரிய விளக்கு இருக்கிறது. ஆயில் கூடினால் சொல்ல எதுவும் இல்லை. ஸ்டிக்கைத் தவிர.

கூடியது தெரிந்தால் எடுப்பது பெரிய வேலை இல்லை. ஸ்டிக் போகும் துளையில் மெல்லிய குழாயை விட்டுப் பெரிய ஊசிக் குழலால் உறிஞ்சலாம்; இல்லாவிட்டால் அடி நட்டைத் தளர்த்திக் கொஞ்சம் வடிக்கலாம். அரை லிட்டருக்கு மேல் கூடியிருந்தால் ஒர்க் ஷாப்வரை ஓட்டிக்கொண்டு போகாமல் மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். எடுத்த ஆயிலைக் கரையானுக்கு என்று கதவு நிலையிலும் வேலிக்காலிலும் பூசுவது இங்கே வழக்கமாக இருந்தது; பழைய ஆயில் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயகரமான கழிவு, மண்ணிலும் வாய்க்காலிலும் கொட்டக்கூடாதது. அடுத்த முறை ஆயில் மாற்றும்போது பக்கத்தில் நின்று, மூன்று லிட்டர் டப்பாவில் கால் லிட்டர் மிஞ்சினால் மிஞ்சட்டும் என்று சொல்லி, அந்த டப்பாவை மூடி வீட்டுக்கு எடுத்து வாருங்கள்.